வாசலில் தெரிந்த முகம்

பாதுகாப்பு வாரம் வந்தால் கம்பெனியில் இருந்து எனக்கு அழைப்பு வரும். ஓய்வு பெற்ற பிறகும் விடமாட்டார்கள். ஒரு சால்வை, ஒரு எலுமிச்சம்பழம், பிறகு மைக்கை நீட்டி, "அந்த ஆசிட் புகை கதையச் சொல்லுங்க சார்" என்பார்கள். சொல்லிச் சொல்லி அது எனக்கே யாரோ சொன்ன கதை போல ஆகிவிட்டது. இந்த முறை எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். பயிற்சியெல்லாம் செல்போன் திரைக்குள் போய்விட்டதாம், நடுவில் ஒரு கிழவனின் அனுபவமும் இருக்கட்டுமாம். எழுதுகிறேன். ஆனால் ஆசிட் புகையோடு நிறுத்தமாட்டேன். சர்வீஸ் முழுவதும் பார்க்காத ஒன்றைப் போன வருஷம் புதுவாயலில் ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தேன். அந்த அதிர்ச்சி இன்னும் தெளியவில்லை.

என் பெயர் ஏகாம்பரம். பொன்னேரி பக்கத்தில் நெல் போடுகிற குடும்பம். ஐ.டி.ஐ. முடித்து, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பியை ஆசிட்டில் கழுவித் துத்தநாகம் பூசுகிற ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். முதல் வேலை ஸ்டோரில் கையுறையும் பூட்ஸும் எடுத்துக் கொடுப்பது. கிழிந்த கையுறையைக் காட்டாமல் புதுசு கேட்டால் நான் கொடுக்கமாட்டேன். அதனால் எல்லாருக்கும் என் முகம் தெரியும், பாதிப் பேருக்கு ஆகாது. இந்தப் பிடிவாதத்தைப் பார்த்துத்தான் பாதுகாப்பு மேனேஜர் என்னைத் தன் பிரிவுக்கு இழுத்துக்கொண்டார். கோர்ஸ், சர்டிபிகேட் எல்லாம் பிறகு வந்தவை. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மேனேஜரை எல்லாரும் 'சார்' என்றே சொல்வோம், நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். திருவள்ளூர்க்காரர். பரம்பரையாகப் பெருமாள் கோயிலில் கைங்கரியம் செய்கிற குடும்பம். ஹெல்மெட்டுக்குக் கீழே நெற்றியில் திருமண் துலங்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள, கோயில் முறைக்கு ஆள் வேண்டும் என்று, அதற்கு நாங்களே காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தோம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கழுத்தில் விசில் தொங்கும், ஊதமாட்டார். ஊதினால் ஜனம் ஓடும், ஓடினால் விழும் என்பார்.

எந்த ஷெட்டுக்குள் நுழைந்தாலும் அவருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தரையில் இருந்து ஒரு சிட்டிகை தூசி எடுத்து, முகத்துக்கு நேராகப் பிடித்து விடுவார். அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். காற்று தெரிந்த பிறகு கதவுகளைப் பார்ப்பார். பூட்டியிருக்கிறதா, குறுக்கே பீப்பாய் வைத்திருக்கிறதா என்று கையால் தள்ளிப் பார்ப்பார். கடைசியில் ஒரே கேள்வி: "வாசல்ல யாரு நிக்கறா?"

அது அவருடைய கொள்கை. பலகையில் அம்புக்குறி போட்டால் போதாது, ஆபத்து நேரத்தில் யாரும் படிக்கமாட்டார்கள். தினம் பார்க்கிற முகம் ஒன்று வாசலில் நிற்க வேண்டும். "பயந்த ஜனம் தெரிஞ்ச மொகத்தைத் தேடித்தான் வரும், ஏகாம்பரம். அம்பைத் தேடி வராது."

இன்னொன்று கொக்கிப் பலகை. ஆசிட் ஷெட்டுக்குள், குழிக்குள் போகிறவன் பலகையில் இருந்து தன் எண் வில்லையை எடுத்துச் சட்டையில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். வெளியே வந்ததும் திருப்பி மாட்ட வேண்டும். கொக்கி காலியாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். பேர் கூப்பிட்டுக் கொண்டிருக்க வேண்டாம், ஒரு பார்வை போதும். ஒருமுறை ஒத்திகையில் ஒரு கொக்கி காலி. டைரக்டர் உட்பட அத்தனை பேரையும் கொளுத்துகிற வெயிலில் நிறுத்தி வைத்தார். வில்லையை மாட்டாமல் டீ குடிக்கப் போனவன் பிடிபடுகிற வரைக்கும் ஒருத்தரையும் அசையவிடவில்லை. டைரக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. சார் அவருக்கு மோர் வரவழைத்துக் கொடுத்தார், ஆனால் விடவில்லை.

ஆசிட் புகை வந்த அன்றைக்கு இந்த இரண்டும்தான் காப்பாற்றின. தொட்டியின் குழாய் பிளந்து ஷெட் முழுக்கப் புகை. உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் ஒடிசா பையன்கள், தமிழ் தெரியாது. சார் தூசியைப் பறக்கவிட்டுப் பார்த்தார், கிழக்கு வாசலைக் காட்டினார், "நீ அங்க நில்லு, வாயைத் திறக்காதே, கையை மட்டும் ஆட்டு" என்றார். நின்றேன். கையுறைக்காக என்னோடு தினமும் சண்டை போட்ட அந்தப் பையன்கள், புகைக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டே என் மூஞ்சியைப் பார்த்து நேராக வந்தார்கள். எல்லாக் கொக்கியும் நிறைந்தது. அன்றில் இருந்து சாரின் கொள்கையை நான் வேதம் போல நம்பினேன்.

அவர் எனக்கு முன்பே ஓய்வு பெற்றார். நானும் ஓய்வு பெற்று வேப்பம்பட்டில் ஒரு வீடு கட்டிக்கொண்டு, மனைவி ஏவுகிற வேலைகளைச் செய்துகொண்டிருந்தேன். அப்போதுதான் வசந்தி வந்தாள்.

வசந்தி திருநங்கை. புதுவாயல் ஜங்ஷனில் தள்ளுவண்டியில் நாஷ்டா கடை போட்டிருப்பவள். ஷிப்ட் முடிந்து அவள் கடையில் இட்லி தின்றுதான் நான் பஸ் ஏறுவேன்.

"சார், ஒரு ஹெல்ப்பு. ஊட்டு வரைக்கும் வந்துட்டேன், தப்பா நெனைக்காதீங்க" என்றாள். "நாங்க பிரைடு விழா நடத்துறோம். மெட்ராஸ்ல பெருசா நடக்கும். இங்க கம்பெனில வேலை செய்ற பசங்க, ஆஸ்டல் பொண்ணுங்க அவ்ளோ தூரம் போவ முடியாது. மண்டபம் பேசிட்டோம். போலீஸ் ஸ்டேஷன்ல ரோட்டுக்கு வராதீங்க, உள்ளயே நடத்துங்கன்னுட்டாங்க. சேஃப்டிக்கு யாரு பொறுப்புன்னு மண்டபத்துக்காரரு கேக்குறாரு. எனக்கு உங்களத் தவிர யாரத் தெரியும்?"

உண்மையைச் சொல்கிறேன், அந்த விழா என்னவென்று எனக்குச் சரியாகத் தெரியாது. திருநங்கைகளுக்கானது என்றுதான் நினைத்தேன். ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், திருநம்பிகள் எல்லாரும் ஒருநாள் ஒளியாமல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு ஆடிப் பாடுகிற விழா என்று வசந்திதான் விளக்கினாள். "நம்ம ஏரியாவுல அப்படி எத்தினி பேரு இருக்கப்போறாங்க?" என்று கேட்டேன். வசந்தி சிரித்தாள். "வந்து பாருங்க சார்."

என் மனைவி உள்ளே இருந்து, "போய்ட்டு வாய்யா, ஊட்ல குந்திக்கினு என் உயிர வாங்காத" என்றாள். அனுமதி கிடைத்தது.

மண்டபம் நெடுஞ்சாலைக்கு மேற்கே, சாலையைப் பார்த்து இருந்தது. கிழக்கே முன்வாசல், மேற்குக் கோடியில் மேடை, மேடைக்குப் பின்னால் சாப்பாட்டுக் கூடம், அதற்கும் பின்னால் சமையல்கட்டு. சார் செய்வது போலவே தூசியைப் பறக்கவிட்டுப் பார்த்தேன். மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று கிழக்கில் இருந்து வரும். ஆகவே புகை என்று ஒன்று வந்தால் பின்பக்கம் தள்ளும், ஜனம் முன்வாசல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஜெனரேட்டரை மேற்கே வேலிக்கு அருகில் தள்ளினேன். சிலிண்டர்களைக் கட்டடத்துக்கு வெளியே வைக்கச் சொன்னேன். நாற்காலிகளை வரிசை வரிசையாகக் கயிற்றால் பிணைத்து, தள்ளினாலும் வழியை அடைக்காதபடி செய்தேன். தீயணைப்பானை மேடையின் இரண்டு பக்கமும் வைத்து, மண்டபத்து எலக்ட்ரீஷியனையும் சமையல்காரர்களையும் கூப்பிட்டு அடித்துக் காட்டினேன். மோர், குளுக்கோஸ், கட்டில் போட்ட முதலுதவி மூலை, ஆம்புலன்ஸ் திரும்ப இடம், எல்லாம் ஆயிற்று.

உள்ளே வருகிறவர்களின் பெயர் எழுத வேண்டும் என்றேன். அங்கேதான் முதல் அதிர்ச்சி.

"பேரு கேட்டா ஒருத்தரும் வரமாட்டாங்க சார்."

"பேரு இல்லாம எப்படிம்மா கணக்கு வெக்கறது?"

"கணக்கு உங்க பாடு. பேரு கேக்காதீங்க."

கோபம்தான் வந்தது. பிறகு கொக்கிப் பலகை நினைவுக்கு வந்தது. பெயர் வேண்டாம், எண் போதும். தச்சரிடம் பெரிய பலகை ஒன்று செய்து வாங்கி, வாசலில் மாட்டினேன். வருகிறவர் ஒரு வில்லை எடுத்துக்கொள்ள வேண்டும், போகும்போது மாட்டிவிட வேண்டும்.

கடைசியாக, ஆபத்து வந்தால் எல்லாரும் கூட வேண்டிய இடம். முன்வாசலுக்கு நேரே சர்வீஸ் ரோட்டை ஒட்டித் திறந்த மைதானம். இதைவிட நல்ல இடம் புத்தகத்தில்கூடக் கிடைக்காது. பச்சைப் பலகை நட்டேன். வசந்தி அதைப் பார்த்து, "அங்கியா சார்?" என்றாள். "ஏன், இன்னா கொறை?" என்றேன். ஏதோ சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள்.

விழா அன்று கூடம் நிரம்பிவிட்டது. பையன்கள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து, உள்ளே வந்த பிறகு கழற்றினார்கள். துப்பட்டாவால் முகத்தை மூடி வந்த பெண்கள், கதவைத் தாண்டியதும் துப்பட்டாவை இறக்கி மூச்சு விட்டார்கள். நடுத்தர வயது ஆண்கள் இரண்டு பேர் கையைக் கோத்துக்கொண்டு, சும்மா, மேடையைக்கூடப் பார்க்காமல், உட்கார்ந்தே இருந்தார்கள். இவ்வளவு பேர் என் கண் முன்னால் இதே பஸ்ஸில், இதே டீக்கடையில் இருந்திருக்கிறார்கள், நான் ஒருத்தரையும் பார்த்ததில்லை. கூச்சத்தில் நான் தீயணைப்பானையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, மேடைக்கு அடியில் போன ஒயர் ஒன்று சூடாகி எரிந்து, மேலே தொங்கிய நைலான் துணியில் தீ பிடித்துக்கொண்டது. தீ பெரிதில்லை. எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்தான், சமையல்காரர்கள் சொன்னபடியே பவுடரை அடித்தார்கள். ஆனால் நைலான் புகை கருகருவென்று கூடத்தில் இறங்கியது. நான் முன்வாசலுக்குப் போய் நின்று, கை மைக்கில் நிதானமாகச் சொன்னேன். "ஓட வேணாம். வரிசையா, வாசல் பக்கம் வாங்க."

வந்தார்கள். பாடம் போல வந்தார்கள். எனக்கு உள்ளூரப் பெருமைகூட வந்தது. முதல் வரிசை வாசற்படி வரை வந்தது. அங்கே நின்றது. பிறகு திரும்பியது.

எனக்குப் புரியவில்லை. சர்வீஸ் முழுவதும் எத்தனையோ ஒத்திகை, சில நிஜ விபத்து. வெளிச்சத்தை நோக்கி ஓடி வந்த ஜனத்தைத்தான் பார்த்திருக்கிறேன். வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுப் புகைக்குள் திரும்பிப் போன ஜனத்தை அன்றுதான் பார்த்தேன். முன்னால் இருந்தவர்கள் பின்னால் இருந்தவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். அதுவும் எங்கே, புகை போய்ச் சேருகிற சாப்பாட்டுக் கூடத்துக்கு.

பக்கத்தில் யூனிபார்ம் சுடிதார் போட்ட ஒரு பெண் கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தாள். "இன்னாம்மா பண்றீங்க? வெளிய வா" என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள்.

"அங்க எங்க கம்பெனி பஸ் நிக்குது சார்."

திரும்பிப் பார்த்தேன். ஷிப்ட் மாறுகிற நேரம். ஜங்ஷனில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றிருந்தன. புகையைப் பார்த்து இறங்கிய கூட்டம், என் பச்சைப் பலகையைச் சுற்றி நின்று, செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பொகை வருதும்மா, செத்துப்போவ."

"பொகை பரவால்ல சார்" என்றாள்.

இத்தனை வருஷத்தில் எந்த விபத்திலும் நான் அப்படி ஆடிப்போனதில்லை. அவள் அழக்கூட இல்லை. யோசித்து முடிவு செய்தவள் போலச் சொன்னாள்.

அந்த நேரத்தில் வசந்தி புகையில் இருந்து இருமிக்கொண்டு வந்தாள். ஒரு பார்வையில் புரிந்துகொண்டாள். "சார், உங்க எடம் வேணாம். தெக்கால செவுரு ஓரமா செங்கல் சூளைக் காம்பவுண்டு இருக்குது, கேட்டு தொறந்துதான் கீது. அங்க அனுப்புங்க. ரோட்ட நாங்க பாத்துக்குறோம்."

எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று கேட்க வாய் எடுப்பதற்குள் அவள் தன் ஆட்களைக் கூப்பிட்டாள். ஊருக்கெல்லாம் தெரிந்த திருநங்கைகள், ஒளிக்க ஏதும் மிச்சம் இல்லாதவர்கள், வில்லையை மாட்டிவிட்டு, பட்டுப் புடவையோடு படியிறங்கி நேராகச் சாலைக்குப் போனார்கள். பாதிப் பேர், விழாவுக்குத் தைத்த நீளமான வானவில் துணியை விரித்து, வாசலில் இருந்து தெற்குச் சுவர் வரை தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். வசந்தியும் மற்றவர்களும் கூட்டத்துக்கு வடக்கே போய் நின்று கை தட்டினார்கள். உள்ளங்கை இரண்டும் விரிய, பளார் பளார் என்று அறைகிற அந்தத் தட்டு. ரயிலில் அதைக் கேட்டாலே சட்டைப்பையில் கைவிட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறவன் நான்.

"இன்னாடா படம் புடிக்கிறீங்க? எங்களப் புடிங்கடா. வா, கிட்ட வா" என்றாள் வசந்தி. அத்தனை செல்போனும் வடக்கே திரும்பியது. சிலர் சிரித்தார்கள், சிலர் கெட்ட வார்த்தை சொன்னார்கள். வசந்தி தட்டுவதை நிறுத்தவே இல்லை.

துணிக்குப் பின்னால் ஜனம் வெளியே வந்தது. வரிசையாக, ஓடாமல், சுவரோரமாக. ஒவ்வொருவரும் பலகையைத் தாண்டும்போது வில்லையை மாட்டினார்கள். அந்தப் பதற்றத்திலும் மாட்டினார்கள், அதற்கு அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். கூடம் காலியானது. பலகையைப் பார்த்தேன்.

ஒரு கொக்கி காலி.

ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். கூடத்தில் யாரும் இல்லை. மேடைக்குப் பின்னால் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தின் கோடியில், கை கழுவும் குழாய்களுக்குக் கீழே, தரையோடு தரையாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். புகை மேலே போகும், ஆகவே தாழ உட்கார வேண்டும் என்று தெரிந்தவர். மூக்கில் நனைத்த கைக்குட்டை. தலையில் குல்லாய். குல்லாய்க்குக் கீழே திருமண்.

சார்.

தப்பாகப் பார்க்கிறேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். கடைசி ஆள் வெளியே வராமல் டைரக்டரையே விடாதவர், கடைசி ஆளாக உள்ளே இருந்தார்.

"சார், வாங்க."

"நீ போ. நான் அப்புறம் வரேன்."

"அப்புறம் இல்ல சார். பொகை எறங்குது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வாசல்ல நீ நிக்கறே. நான் எப்படிப்பா வருவேன்?"

மற்றவர்கள் பயந்தது பஸ்ஸுக்கு, செல்போனுக்கு. இவர் பயந்தது எனக்கு. பயந்த ஜனம் தெரிந்த முகத்தைத் தேடி வரும் என்று என்னை வாசலில் நிறுத்தியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் புகைக்குள் போயிருக்கிறார்.

"பலகையைப் பார்த்ததுமே நீதான்னு தெரிஞ்சுது. திரும்பிப் போயிருக்கலாம்" என்றார் இருமிக்கொண்டே. "இத்தனை வயசுக்கு மொதத் தடவையா வந்தேன். போக மனசு வரலை."

என்ன சொல்வது? எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை சார் என்று சொல்லலாம். அதற்கெல்லாம் நேரம் இல்லை, சொன்னாலும் அவர் அந்த நேரத்தில் நம்பமாட்டார். தலையைத் தூக்காத ஒருவரை வெளியே கொண்டுவர எந்தக் கோர்ஸிலும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"சார், நான் செவுத்தப் பாத்து நின்னுக்குறேன். நீங்க போங்க. நான் யாரையும் பாக்கல."

சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். கண்ணையும் மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு குழாயைப் பிடித்துக்கொண்டு எழுகிற சத்தம், இருமல், என்னைத் தாண்டிப் போகிற செருப்புச் சத்தம். அது வாசல் வரை போன பிறகு நானும் வந்தேன். பலகையில் காலிக் கொக்கி இல்லை.

வெளியே வசந்தி வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை சிவந்து வீங்கியிருந்தது. "எல்லாரும் வந்துட்டாங்களா சார்?" என்றாள்.

"வந்துட்டாங்க" என்றேன். அதற்கு மேல் முடியாமல் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். புகை கண்ணில் பட்டுவிட்டது என்று அவள் தண்ணீர் கொண்டுவந்தாள்.

சூளைக் காம்பவுண்டில் நான் சாரைத் தேடவில்லை. அவரும் அழைக்கவில்லை. அவர் வீட்டுப் பக்கம் போனால்கூட அடுத்த தெரு வழியாகப் போனேன். பல மாதம் கழித்து ஒருநாள் போன் வந்தது. நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. "ஜெனரேட்டர் வெச்ச எடம் சரி. மேடைக்கடியில ஒயர் போனதை நீ பார்க்கலை" என்றார். நான் "ஆமாம் சார்" என்றேன். பிறகு, "இந்த வருஷமும் உண்டா?" என்று கேட்டார்.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். கம்பெனியில் படித்தால் யார் என்று தெரிந்துவிடும் சார் என்றேன். "எழுது. காத்து எந்தப் பக்கம் அடிச்சதுன்னு மட்டும் தப்பா எழுதிடாதே" என்றார்.

போன வாரம் அதே மண்டபத்தை இந்த வருஷ விழாவுக்காகப் பார்க்கப் போனோம். வசந்தி, நான், சார். பச்சைப் பலகையைச் சூளைக் காம்பவுண்டுக்குள் நட்டாயிற்று. சாலைப் பக்கம் உயரமாகத் தகரம் அடிக்கப் போகிறோம். பஸ் வருகிற நேரத்துக்கு முன்பே விழா முடியும். சார் குனிந்து ஒரு சிட்டிகை தூசி எடுத்தார், பறக்கவிட்டார். கதவுகளைக் கையால் தள்ளிப் பார்த்தார். பிறகு, என்னைப் பார்க்காமல், சாலையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"வாசல்ல யாரு நிக்கறா?"

வசந்தியைப் பார்த்தேன். "முகம் தெரியாத ஆள் யாரையாவது வெளியூர்ல இருந்து கூப்பிடலாம் சார்" என்றேன்.

அவர் திரும்பினார். அன்றைக்குப் பிறகு முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"வேண்டாம்" என்றார். "நீயே நில்லு."